பேட்ஜ் இல்லன்னு க்ளெய்மை மறுத்த இன்சூரன்ஸ் கம்பெனியும், பைசா வாங்காம கேஸ் கேட்ட ஆம்புட்ஸ்மேன் ஆபீசும்: என் அனுபவம்

ஸ்டார் போடச் சொன்னா கம்பெனிக்கு ஒண்ணு, சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் ஆபீசுக்கு, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனி மேல நாம குடுக்கற புகாரை விசாரிச்சு முடிவு சொல்ற ஆபீசுக்கு, அஞ்சு. கம்பெனி பேரு எழுதல, ஏன்னா நம்ம மார்க்கெட்டுல வண்டி வெச்சிருக்கவங்ககிட்ட பேசிப் பாத்ததுல இது ஒரு கம்பெனியோட பழக்கம் மட்டும் இல்லீங்க. கொஞ்சம் நீளமா போகும். ஆனா குட்டி யானை, தோஸ்த், டாக்ஸின்னு ஏதாவது ஒண்ணை டிரைவர் போட்டு ஓட்டறவங்க கடைசி வரைக்கும் படிச்சுருங்க.

நமக்கு காரமடை பக்கம். கறிவேப்பிலை, காய்கறி லோடு எடுத்து மேட்டுப்பாளையம் ரோட்டு எம்.ஜி.ஆர். மார்க்கெட்டுக்கு விடிகாலைல கொண்டு போய் போடறது தொழில். சொந்தமா ஒரு டாடா ஏஸ், ஃபுல் இன்சூரன்ஸ், எஃப்.சி. கரன்ட்ல இருக்குது, டியூ ஒண்ணு கூட நிக்கல. 2024 ஆகஸ்ட்ல ஒரு நாள் எனக்குக் காச்சல், சித்தப்பா பையன்தான் அன்னிக்கு வண்டிய எடுத்துட்டுப் போனான். லைசென்ஸ் எடுத்து ஆறு வருசம் ஆச்சு, நிதானமா ஓட்டற பையன். மூணரை மணி இருக்கும், பெரியநாயக்கன்பாளையம் தாண்டறப்ப ஒரு பைக்கு சைடு ரோட்டுல இருந்து லைட்டு இல்லாம குறுக்க வந்திருக்கு, இவன் பிரேக் புடிச்சு ஸ்டீரிங்கை ஒடிச்சதுல வண்டி மீடியன்ல ஏறி அடிச்சு சாஞ்சுருச்சு. பைக்காரனுக்கும் ஒண்ணும் ஆகல, நம்ம பையனுக்கும் முழங்கைல சிராய்ப்போட போச்சு, அதுக்கு காரமடை ரங்கநாதருக்கு இன்னும் நன்றி சொல்லிட்டுத்தான் இருக்கறேன். வண்டிக்குத்தான் முன் ஷோ, கண்ணாடி, ஆக்ஸில், பம்பர், ஹெட்லைட் எல்லாம் போச்சு. ஸ்டேஷன்ல சி.எஸ்.ஆர். போட்டு ரசீது வாங்கிட்டோம், கம்பெனி டோல் ஃப்ரீல விடியறதுக்குள்ள சொல்லியாச்சு, அன்னிக்கு மத்தியானமே சர்வேயர் வந்து போட்டோ எடுத்துட்டுப் போயிட்டார். அது வரைக்கும் கம்பெனி சர்வீஸ் நல்லாத்தான் இருந்துச்சு, அதை மறைக்கக் கூடாது.

சர்வீஸ் சென்டர்ல க்ளெய்ம் ஃபார்ம் எழுதறப்ப நடந்ததை கொஞ்சம் விவரமா சொல்றேன், பின்னாடி எல்லாமே அதை வெச்சுத்தான் நின்னுச்சு. அங்க இன்சூரன்ஸ் வேலை பாக்கற ஒருத்தர் லைசென்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தார். எல்.எம்.வி.ன்னு, அதாவது லைட் மோட்டார் வண்டின்னு மட்டும்தான் இருந்துச்சு, லோடு வண்டி, டாக்ஸி ஓட்டறதுக்குத் தனியா போட்டுத் தர்ற டிரான்ஸ்போர்ட் பதிவு இல்ல, அதைத்தான் பேட்ஜ்னு சொல்வாங்க. "அண்ணா, தம்பிக்கு பேட்ஜ் இல்லியே, உங்களுக்கு இருக்குதா"ன்னார். எனக்கு இருக்குதுன்னேன். உடனே பேனாவை என் கைல குடுத்து, டிரைவர் பேருங்கற கட்டத்துல விரலை வெச்சு, "அப்ப உங்க பேரையே எழுதிருங்க, ஓட்டுனது ஓனர்தான்னு போட்டா ரெண்டு வாரத்துல முடிஞ்சுரும்"ன்னார். அவர் கெட்டவர் இல்லீங்க, நமக்கு நல்லது பண்றதா நெனச்சுத்தான் சொன்னார், அங்க தினமும் நடக்கற விசயம் போல. நான் பேனாவை வெச்சுக்கிட்டு ஒரு நிமிசம் அப்படியே உக்காந்திருந்தேன். சி.எஸ்.ஆர்.ல தம்பி பேரு இருக்குது, ரோட்டுல நாலு பேரு பாத்திருக்கறாங்க, அதெல்லாம் ஒரு பக்கம். பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா நாளைக்கு நியாயம் கேக்கறதுக்கு வாயே இருக்காதுன்னு தோணுச்சு. தம்பி பேரையே எழுதினேன்.

அப்பறம் ஆரம்பிச்சுதுங்க அலைச்சல். மொதல்ல பர்மிட் எங்கன்னு கேட்டாங்க. மொத்த எடை 3,000 கிலோ தாண்டாத சரக்கு வண்டிக்கு பர்மிட்டே வேண்டாம்னு மோட்டார் வாகனச் சட்டம் 66-வது பிரிவுல இருக்குது, குட்டி யானை வெச்சிருக்கற எல்லாருக்கும் தெரியும், ஆனா சரக்கு வண்டி க்ளெய்ம் பாக்கற ஆபீசுல இருந்தே அந்தக் கேள்வி வந்துச்சு. ஆர்.சி. காப்பில எடையை வட்டம் போட்டு மெயில் அனுப்பினேன், அதுக்கு ஒரு வாரம். அப்பறம் லைசென்ஸ் வெரிஃபிகேஷன்னு ஒரு மாசம். ஃபோன் பண்ணா ஒவ்வொரு தடவையும் புதுசா ஒருத்தர் எடுப்பாங்க, மொதல்ல இருந்து கதை சொல்லணும், "மேல அனுப்பியிருக்கோம் சார்"ன்னு வெச்சுருவாங்க.

ஆயுத பூஜை அன்னிக்கு வண்டி சர்வீஸ் சென்டர் பின்னாடி மூஞ்சி இல்லாம நின்னுட்டு இருந்துச்சு. வருசா வருசம் வாழைக்கன்னு கட்டி, பூசணிக்கா சுத்தி உடைச்சு, எலுமிச்சம்பழம் ஏத்தி எடுப்போம். இந்தத் தடவை நானும் தம்பியும் அங்கயே போயி ஷோ இல்லாத எடத்துல சந்தனம் குங்குமம் வெச்சுட்டு வந்தோம். தம்பி ஒரு வார்த்தை பேசல. அவன்தான் ஓட்டுனான்ங்கறதால எல்லாப் பாரத்தையும் தன் மேல போட்டுக்கிட்டான். அதுக்கு மூணாம் நாளு திங்கக்கிழமை கம்பெனி லெட்டர் வந்துச்சு. நாலே வரி. டிரைவருக்கு டிரான்ஸ்போர்ட் வாகனம் ஓட்ட செல்லுபடியாகற லைசென்ஸ் இல்ல, பாலிசி நிபந்தனையை மீறிட்டீங்க, அதனால க்ளெய்ம் நிராகரிக்கப்படுதுன்னு. ரிப்பேர் பில் 1,38,500 ரூபா. வண்டி நின்னா தொழில் நிக்கும், சம்சாரம் நாலு பவுன் சங்கிலிய கழட்டிக் குடுத்தாங்க, அடகு வெச்சு வண்டிய எடுத்தேன்.

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். பாலிசி போட்டுக் குடுத்த ஏஜென்ட் அண்ணன், "பேட்ஜ் இல்லாதவங்க கைல வண்டியக் குடுத்தா அவ்வளவுதான் தம்பி, விட்டுருங்க"ன்னார். மார்க்கெட்டுல ரெண்டு மூணு பேரு எனக்கும் அப்படித்தான் போச்சுன்னாங்க. இருவது வருசமா வண்டி ஓட்டறவங்களே அப்படி நம்பிட்டு இருக்கறாங்க, லெட்டர் வந்தா மடிச்சு பீரோல வெச்சுட்டு அடுத்த வேலையப் பாக்கப் போயிருவாங்க. எனக்கு அதுதாங்க மனசே ஆறல, இத எழுதறதுக்கும் அதுதான் காரணம்.

ஏன்னா சட்டம் அப்படி இல்ல. 2017-லயே முகுந்த் தேவாங்கன் வழக்குல சுப்ரீம் கோர்ட் மூணு நீதிபதி பெஞ்ச் தெளிவா சொல்லியிருக்குது: எல்.எம்.வி. லைசென்ஸ் இருந்தா 7,500 கிலோவுக்குள்ள இருக்கற டிரான்ஸ்போர்ட் வண்டியையும் ஓட்டலாம், தனியா எண்டார்ஸ்மென்ட், அதான் அந்த டிரான்ஸ்போர்ட் பதிவு, வேண்டாம்னு. 2018 ஏப்ரல்ல மத்திய அரசும் எல்லா மாநிலத்துக்கும் அதையே லெட்டராப் போட்டுச்சு. ஆனா அந்தத் தீர்ப்பு சரியான்னு மறுபடி கேள்வி கெளப்பி அஞ்சு நீதிபதி பெஞ்சுக்குப் போயிருந்துச்சு, அந்த இடைவெளில கம்பெனிங்க மறுத்துக்கிட்டே இருந்தாங்க. எனக்கு அக்டோபர்ல லெட்டர் வந்துச்சு, நவம்பர் 6-ந் தேதி அஞ்சு நீதிபதிகளோட தீர்ப்பு வந்துச்சு. ரம்பா தேவி வழக்குன்னு தேடுனா கெடைக்கும். மார்க்கெட்டுல லோடு எறக்கிட்டு டீ குடிச்சுட்டு இருக்கறப்ப டிரைவருங்க வாட்ஸ்அப் குரூப்புல யாரோ செய்தியைப் போட்டாங்க, டீயை அப்படியே வெச்சுட்டுப் படிச்சேன். 2017-ல சொன்னது சரிதான், மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ளன்னா எல்.எம்.வி. லைசென்ஸே போதும். இந்த லைசென்ஸ்காரங்க ஓட்டறதாலதான் விபத்து கூடுதுன்னு காட்ட எந்தப் புள்ளிவிவரமும் முன்னாடி வெக்கலன்னும் அதுல இருக்குது. நம்ம வண்டி ஆர்.சி.ல மொத்த எடை 1,600 கிலோ கூட இல்லீங்க.

அடுத்த திங்கக்கிழமை கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு லெட்டர் எழுதினேன். வக்கீல் யாரும் வெக்கல. ரெண்டு பக்கம்தான், தமிழ்ல எழுதி பக்கத்து வீட்டு காலேஜ் பொண்ணை விட்டு இங்கிலீஷ்ல டைப் அடிச்சு வாங்கிக்கிட்டேன். லெட்டர்ல கோவம் காட்டாதீங்க, அது எனக்கு அந்தப் பொண்ணு சொன்ன புத்தி. பாலிசி நம்பர், க்ளெய்ம் நம்பர், அவங்க சொன்ன காரணம் வார்த்தைக்கு வார்த்தை அப்படியே, அதுக்குக் கீழ பாலிசில டிரைவரைப் பத்தி இருக்கற வரி, அதுக்குக் கீழ தீர்ப்பு. அவ்வளவுதான். கூடவே சர்வே ரிப்போர்ட் காப்பி வேணும்னு எழுத்துல கேட்டேன். இதை யாரும் கேக்கறதில்ல, கேட்டா குடுக்கணும். பீமா பரோசா போர்ட்டல்லயும் அதே லெட்டரை ஏத்தி ரெஜிஸ்டர் பண்ணிட்டேன், அது இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் நடத்தற புகார் போர்ட்டல், 155255-க்கு ஃபோன் பண்ணியும் சொல்லலாம். ரெண்டு வாரம் கழிச்சு கம்பெனி பதில் வந்துச்சு. பழைய நாலு வரியே தான், தேதி மட்டும் புதுசு. தீர்ப்பைப் பத்தி ஒரு எழுத்து கூட இல்ல. நான் மேற்கோள் காட்டுனதைப் படிச்சாங்களான்னே தெரியல. ஒரு ஸ்டார்னு போட்டேனே, பணம் மறுத்ததை விட இதுக்குத்தாங்க. தப்பா முடிவு எடுக்கறது மனுசங்களுக்கு வரும், ஆனா எழுதிக் கேட்டவனுக்கு எழுதுன விசயத்துக்குப் பதில் சொல்லாம விடறது மரியாதை இல்ல.

டிசம்பர் மொத வாரம் ஆம்புட்ஸ்மேனுக்குப் போட்டேன். சென்னை ஆபீஸ் தேனாம்பேட்டை அண்ணா சாலைல இருக்குது, தமிழ்நாடு முழுக்க அதுதான், புதுச்சேரி, காரைக்காலும் அதுக்குள்ள வரும். ஆனா நான் சென்னைக்கு ஒரு தடவை கூடப் போகல, ஆன்லைன்லயே போட்டேன், தபால்லயும் அனுப்பலாம். ஃபீஸ் ஒரு ரூபா இல்ல, வக்கீல் தேவையில்ல, சொல்லப்போனா வக்கீல் வெச்சு வாதாடற எடமே இல்ல அது. மொதல்ல கம்பெனிக்கு எழுதியிருக்கணும், அவங்க மறுத்திருக்கணும், இல்ல ஒரு மாசம் பதில் சொல்லாம இருந்திருக்கணும். மறுத்த தேதில இருந்து ஒரு வருசத்துக்குள்ள போடணும், இதை நோட் பண்ணிக்குங்க, நம்ம மார்க்கெட்டுல ஒருத்தருக்கு இதுல ஒரு மாசம் தாண்டி மொத்தமும் போச்சு. 50 லட்சம் வரைக்கும் அங்க கேக்கலாம். அதே விசயத்துக்கு கன்ஸ்யூமர் கோர்ட்டுல கேஸ் நடந்துட்டு இருந்தா எடுக்க மாட்டாங்க. டாக்ஸி, லோடு வண்டிக்கெல்லாம் எடுப்பாங்களான்னு எனக்கும் மொதல்ல சந்தேகம் இருந்துச்சு, தனி ஆளு பேர்ல இருக்கற பாலிசி, சொந்தமா தனியா தொழில் பண்றவங்க, குறுந்தொழில் எல்லாம் அதுக்குள்ள வருதுங்க.

பிப்ரவரில ஹியரிங், வீடியோ கால்ல. கடையில கறிவேப்பிலைக் கட்டு அடுக்கி வெச்சிருக்கற மேசை மேல ஃபோனை சாத்தி வெச்சு, பக்கத்துல தம்பிய உக்கார வெச்சுக்கிட்டேன். நெஞ்சு படபடன்னு அடிச்சுது. தமிழ்லயே பேசலாம்னு மொதல்லயே சொல்லிட்டாங்க, அப்பத்தான் மூச்சு வந்துச்சு. கம்பெனி சைடுல இருந்து வந்த அதிகாரி, அந்தத் தீர்ப்பு எல்லாம் விபத்துல அடிபட்டவங்களுக்கு நஷ்டஈடு குடுக்கற தேர்டு பார்ட்டி கேஸ்ல வந்தது, இது சொந்த வண்டி சேதாரம், பொருந்தாதுன்னார். நான் பாலிசி பேப்பரை எடுத்து அந்த வரியப் படிச்சேன். விபத்து நேரத்துல ஓட்டறவர் செல்லுபடியாகற லைசென்ஸ் வெச்சிருக்கணும், லைசென்ஸ் வாங்கத் தகுதி நீக்கம் ஆகியிருக்கக் கூடாது, இவ்வளவுதான் போட்டிருக்குது. தேர்டு பார்ட்டிக்கு ஒரு லைசென்ஸ், சொந்த சேதாரத்துக்கு ஒரு லைசென்ஸ்னு பாலிசில எங்கயும் இல்லீங்களே, இந்த வண்டிக்கு அந்த லைசென்ஸ் செல்லுமா செல்லாதான்னுதானே கேள்வி, அதுக்கு சுப்ரீம் கோர்ட் செல்லும்னு சொல்லிருச்சுங்களேன்னு கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேப்பர் பெரட்டற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்பறம் ஆம்புட்ஸ்மேன் தம்பிகிட்ட நேராவே கேட்டாங்க, வண்டி ஓட்டுனது நீங்கதானேன்னு. "ஆமாங்கய்யா, நான்தான்"ன்னான். சி.எஸ்.ஆர்., க்ளெய்ம் ஃபார்ம், இவன் வாயால சொன்னது மூணும் ஒண்ணா நின்னுச்சு. அன்னிக்கு அந்தக் கட்டத்துல என் பேரை எழுதியிருந்தா இந்த எடத்துல நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்னு நெனச்சா இன்னிக்கும் கை நடுங்குது. மொத்தம் இருவது நிமிசம் கூட ஆகல, யாரும் யாரையும் அதட்டல, நாம பேசறதை முழுசாக் கேட்டாங்க. அஞ்சு ஸ்டாரு அதுக்குத்தான்.

மார்ச்ல அவார்டு, அதாவது ஆம்புட்ஸ்மேனோட தீர்ப்பு வந்துச்சு. மறுத்தது தப்பு, சர்வேயர் கணக்குப் போட்ட தொகையை வட்டியோட குடுங்கன்னு. அவார்டு வந்ததும் கம்பெனி 30 நாளைக்குள்ள குடுத்தாகணும், கம்பெனியக் கட்டுப்படுத்தும். நமக்குப் புடிக்கலைன்னா நாம கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாம். ஏப்ரல்ல பணம் அக்கவுன்ட்ல ஏறுச்சு. சங்கிலிய மீட்டு வீட்டுல குடுத்தப்பத்தான் தம்பி பழையபடி சிரிச்சுப் பேசினான்.

வந்த தொகை எவ்வளவுன்னு சொல்லிடறேன், மொத்த பில்லும் வரும்னு நெனச்சுராதீங்க. 1,38,500-க்கு 91,200 வந்துச்சு. இதுல கம்பெனி மேல குறை சொல்ல மாட்டேன், அது பாலிசியோட கணக்கு. பிளாஸ்டிக், ரப்பர் சாமானுக்கு பாதிதான் தருவாங்க. கமர்ஷியல் வண்டிக்கு பம்பர், ஹெட்லைட், மட்கார்டு, டயர், பெயின்டிங் இதெல்லாம் சாதாரண பாலிசில வராது, ஐ.எம்.டி. 23-ன்னு ஒரு கவர் எக்ஸ்ட்ரா காசு குடுத்து எடுத்திருக்கணும், அப்பவும் அந்த சாமானுக்குப் பாதிதான். ஏஜென்ட் அண்ணன் அதை எனக்குச் சொல்லவே இல்ல, நானும் கேக்கல. ரின்யூவல் வரப்ப பாலிசில அந்த நம்பர் இருக்குதான்னு பாருங்க. வண்டி நின்ன நாளுக்கு வாடகை நஷ்டம், அடகு வட்டி, மன உளைச்சல் இதுக்கெல்லாம் ஆம்புட்ஸ்மேன்ல கேக்க முடியாது, நேரடி நஷ்டம் மட்டும்தான். அதெல்லாம் வேணும்னா கன்ஸ்யூமர் கோர்ட்டுதான். 5 லட்சத்துக்குள்ள அங்கயும் ஃபீஸ் கெடையாது, ரெண்டு வருசம் டைம் இருக்குது, ஆனா எத்தனை வாய்தா ஆகும்னு யாரும் சொல்ல முடியாது. எனக்கு நாலு மாசத்துல முடியறதுதான் முக்கியமாப் பட்டுச்சு.

இந்தத் தீர்ப்பு எல்லாத்துக்கும் கை குடுக்கும்னு நெனச்சுட்டும் போயிராதீங்க. லைசென்ஸ் காலாவதி ஆயிருந்தா இது காப்பாத்தாது, முன்ன இருந்த 30 நாள் சலுகையை 2019 சட்டத் திருத்தத்துல எடுத்துட்டாங்க, டிரைவரோட லைசென்ஸ் தேதியை உங்க ஃபோன்லயே ரிமைண்டர் போட்டு வெச்சுக்குங்க. ஈ-ரிக்‌ஷாவுக்கும், கேஸ் பெட்ரோல்னு ஆபத்தான சரக்கு ஏத்தற வண்டிக்கும் தனி தகுதி வேணும், அதுல மாற்றம் இல்ல. டூ வீலர் லைசென்ஸ் மட்டும் வெச்சுட்டு குட்டி யானை ஓட்டுனாலும் ஒண்ணும் பண்ண முடியாது. அப்பறம் பொகை சர்டிபிகேட் இல்லன்னு சொல்லி மட்டும் யாராவது வண்டி சேதார க்ளெய்மை மறுத்தா ஒத்துக்காதீங்க, அது மறுக்கறதுக்குக் காரணம் ஆகாதுன்னு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமே 2020 ஆகஸ்ட்ல சொல்லியிருக்குது.

கம்பெனி நம்ம கருத்தைக் கேட்டு ஒரு ஃபீட்பேக் லிங்க் அனுப்பியிருந்தாங்க, அதுலயும் இதையே எழுதினேன். சர்வேயர் வந்த வேகத்துக்கு நல்லதாத்தான் போட்டேன், லெட்டர் எழுதற ஆபீசுல இருக்கறவங்க 2024 நவம்பர் தீர்ப்பை ஒரு தடவை உக்காந்து படிக்கணும்னு கேட்டுக்கிட்டேன். இது வரைக்கும் பதில் இல்ல. பாலிசியை இந்த வருசம் வேற கம்பெனிக்கு மாத்திட்டேன், ஐ.எம்.டி. 23 சேத்து.

போன மாசம் மார்க்கெட்டுல வாழை இலை லோடு போடற அண்ணன் ஒருத்தர் இதே மாதிரி லெட்டரை மடிச்சு சட்டைப் பாக்கெட்டுல வெச்சுட்டு சுத்திட்டு இருந்தார். அவர் வண்டி தோஸ்த், டிரைவருக்கு எல்.எம்.வி. மட்டும். தேதி பாத்தேன், மறுத்து எட்டு மாசம்தான் ஆயிருந்துச்சு. என்னோட ரெண்டு பக்கத்தையும் அப்படியே குடுத்து, அவர் நம்பரையெல்லாம் மாத்தி கம்பெனிக்கு அனுப்பி வெச்சிருக்கறோம். ஒரு மாசம் முடிய இன்னும் ஒம்பது நாளு இருக்குது, பதில் வரலைன்னா பத்தாம் நாளு அவரும் நானும் உக்காந்து ஆம்புட்ஸ்மேன் ஃபார்மை ஃபில் பண்றதா இருக்கறோம்.